பார்க்க வேண்டிய பத்து இடங்கள்: ஒரு மறுப்பு

அமெரிக்க நகரங்களைப் பற்றித் தமிழில் எழுதப்படும் பயணக்கட்டுரைகளுக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. சிகாகோ என்றால் முதலில் விவேகானந்தர் பேசிய இடம். அடுத்து வில்லிஸ் கோபுரத்தின் கண்ணாடித் தளம், மில்லினியம் பூங்காவில் அனிஷ் கபூரின் பளபளக்கும் அவரை விதை, ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் டைனோசர் எலும்புக்கூடு, ஷெட் மீன்காட்சியகம், ஆற்றில் ஒரு படகுச் சவாரி, டெவான் தெருவில் சாப்பாடு. எழுதுபவர் இலக்கியவாதியாகவும் இருந்துவிட்டால் ஓவியக்கூடத்தில் எட்வர்ட் ஹாப்பரின் இரவு உணவகத்தின் முன் நெடுநேரம் நின்றதும், நவீன மனிதனின் தனிமை குறித்த இரண்டு பத்திகளும் சேர்ந்துகொள்ளும். கடைசியில், இடமிருந்தால், பேஸ்பால் மைதானம் ஒன்றையும் காரில் கடந்து சென்றதாக ஒரு வரி.

இந்த வாய்ப்பாடு நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. விடுதிகளின் வரவேற்பறையில் இலவசமாகக் கிடைக்கும் கையேடுகளில் இருப்பது இதுதான். கலாசாரம் என்று ஒரு தலைப்பு, விளையாட்டு என்று இன்னொரு தலைப்பு, நடுவில் உணவும் கடைவீதியும். கையேட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. அறைகளையும் இருக்கைகளையும் நிரப்புவது அதன் தொழில். இலக்கிய இதழ்களை வாசிக்கிற, அவற்றில் எழுதுகிற ஒருவர் அதே கையேட்டை நல்ல தமிழில் திருப்பிச் சொல்லும்போதுதான் எனக்கு ஆட்சேபம் எழுகிறது. அதைவிடவும் அவர் அந்தப் பிரிவினையை ஒரு படி மேலே கொண்டுபோய், முதல் தலைப்பை வணங்கி இரண்டாம் தலைப்பை ஒதுக்கும்போது.

ஓவியக்கூடத்துக்குப் போவது பண்பாடு, மைதானத்துக்குப் போவது பொழுதுபோக்கு என்ற இந்த வகைப்பாடு நம் சிற்றிதழ் மரபில் ஊறிப்போன ஒன்று. ஏறு தழுவுதலை வைத்து 'வாடிவாசல்' என்ற சாதனையை எழுதியவர் 'எழுத்து' இதழை நடத்திய சி.சு. செல்லப்பா என்பது நமக்கெல்லாம் தெரியும். தெரிந்தும் விளையாட்டை சிந்தனைக்குரிய பொருளாக நாம் எடுத்துக்கொண்டதில்லை. வெளிநாட்டுக்குப் போகும்போது இந்தப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுபோகிறோம்.

என் வாதம் இதுதான். சிகாகோவைப் பொறுத்தவரை கலாசாரம், விளையாட்டு என்ற இந்தப் பிரிவினை அந்நகரத்தின் மையக் கதையையே மறைத்துவிடுகிறது. அந்தக் கதை நிலத்தைப் பற்றியது. ஏரிக்கரையும் பூங்காவும் யாருடையவை, அங்கே யார் நுழையலாம், யாருடைய பணத்தில் எது கட்டப்படும் என்று இருநூறு ஆண்டுகளை நெருங்கும் ஒரு வழக்கைப் பற்றியது. அருங்காட்சியகத்தை மட்டும் பார்த்தவருக்கு இந்தக் கதையில் பாதிகூடப் புரியாது. மைதானத்தை மட்டும் பார்த்தவருக்கும் அப்படியே.

*

ஓவியக்கூடத்தின் வாசலிலேயே தொடங்கலாம். மிச்சிகன் அவென்யூ பக்கத்து நுழைவாயிலில் எட்வர்ட் கெமிஸ் வார்த்த இரண்டு வெண்கலச் சிங்கங்கள் 1894 முதல் நிற்கின்றன. அவற்றோடு படமெடுத்துக்கொள்ளாத பயணி கிடையாது. 2005இல் வொயிட் சாக்ஸ் அணி பேஸ்பால் உலகத் தொடரில் ஆடியபோது அந்தச் சிங்கங்களுக்கு அவ்வணியின் தொப்பி அணிவிக்கப்பட்டது. 1908க்குப் பிறகு கோப்பையையே தொடாத கப்ஸ் அணி 2016இல் வென்றபோது அவற்றின் தலையில் கப்ஸ் தொப்பி. சற்றுத் தள்ளி டேலி சதுக்கத்தில், 1967இல் திறந்துவைக்கப்பட்ட பிக்காசோவின் பிரம்மாண்டமான இரும்புச் சிற்பத்துக்கும் இந்த மரியாதை நடப்பதுண்டு.

நம்மவர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். நம் அருங்காட்சியகங்களில் ஒரு சோழர் காலச் சிலைக்கு கிரிக்கெட் தொப்பி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்பார். நியாயமான கேள்விதான். வழிபடும் உருவத்தையும் வாசல் காவலுக்கு வார்த்த சிங்கத்தையும் ஒன்றாக வைக்க முடியாது. ஆனால் கவனிக்க வேண்டியது வேறு. அந்தத் தொப்பியை வைத்தது எங்கிருந்தோ வந்த ரசிகர் கூட்டமல்ல. உலகின் மிகச்சிறந்த ஓவியத் தொகுப்புகளுள் ஒன்றைக் காத்துவரும் நிறுவனமே வைத்தது. தன் வாசலில் நிற்பவர் ஊர்க்காரர், அவர் நேற்றிரவு ஆட்டம் பார்த்துத் தொண்டை கட்டியவர் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருக்கிறது. தெரியாதது நம் பயணக்கட்டுரையாளருக்கு.

*

இப்போது ஏரிக்கரைக்கு வருவோம். ஃபீல்ட் அருங்காட்சியகம், ஷெட் மீன்காட்சியகம், ஆட்லர் கோளரங்கம் ஆகிய மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. எல்லாப் பட்டியல்களிலும் மூன்றுக்கும் இடமுண்டு. ஃபீல்ட் அருங்காட்சியகத்தின் தெற்கு வாசலில் நின்றால் எதிரே கிரேக்கத் தூண் வரிசையும், அதற்குள்ளிருந்து பிதுங்கி எழும் கண்ணாடியும் எஃகுமாக ஒரு பெரிய கிண்ணமும் தெரியும். அது சோல்ஜர் ஃபீல்ட், பேர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் மைதானம். இவையெல்லாம் ஏன் இப்படி அருகருகே இருக்கின்றன என்று எந்தப் பயணக்கட்டுரையும் கேட்டதில்லை.

1836இல் கால்வாய் ஆணையர்கள் நகரத்தின் மனைகளை விற்பதற்காக வரைந்த வரைபடத்தில், ஏரியை ஒட்டிய ஒரு கீற்று நிலத்தின் மேல் ஒரு குறிப்பு எழுதினார்கள். இது பொது நிலம், எந்தக் கட்டடமும் தடையும் இன்றி என்றென்றைக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு அந்த நிலம் குப்பைமேடாகவும் கொட்டகைகளாகவும் மாறியிருந்தபோது, எதிரே தன் அலுவலகத்தை வைத்திருந்த ஆரன் மாண்ட்கோமரி வார்ட் என்ற தபால்வழி வணிகர் 1890இல் நகரத்தின் மீது வழக்குத் தொடுத்தார். அந்த வழக்குகள் இருபது ஆண்டுகள் நடந்தன. இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றம் 1897 தொடங்கி 1910 வரை நான்கு முறை அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அந்த வழக்குகளில் வார்டு தடுத்து நிறுத்திய கட்டடங்களுள் மிக முக்கியமானது எது? ஒரு அருங்காட்சியகம். மார்ஷல் ஃபீல்ட் என்ற பெருவணிகர் எண்பது லட்சம் டாலரை உயிலில் எழுதிவைத்துவிட்டு 1906இல் இறந்தார். அந்தப் பணத்தில் கிராண்ட் பூங்காவின் நடுவே தன் பெயரில் ஒரு அறிவியல் மாளிகை எழ வேண்டும் என்பது திட்டம். பொதுப் பூங்கா பூங்காவாகவே இருக்கட்டும் என்றார் வார்டு. பத்திரிகைகள் அவரை முன்னேற்றத்தின் எதிரி என்று ஏசின. ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் மறுபக்கம் நின்றார்கள். அருங்காட்சியகம் தோற்றது. பூங்காவுக்குத் தெற்கே ஏரியைத் தூர்த்து உருவாக்கிய நிலத்தில் அது 1921இல் திறக்கப்பட்டது. நம் பயணி டைனோசரைப் பார்க்க நிற்கும் இடம் ஒரு காலத்தில் தண்ணீர். அந்தக் கட்டடம் அங்கே இருப்பதற்குக் காரணம் ஒரு நீதிமன்றத் தோல்வி.

இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கலை, அறிவியல் என்ற பெயர் இருந்தாலே ஒரு கட்டடத்தின் மீது பக்தி கொள்கிறோம். அந்தப் பெயரும் பொது நிலத்தை விழுங்கப் பார்த்திருக்கிறது. அந்த நகரம் அப்போது இல்லை என்று சொல்லியிருக்கிறது. இந்தக் கதையின் அண்மைக்கால அத்தியாயம் இன்னும் சுவாரசியமானது. திரைப்பட இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் தன் சேகரிப்புக்கு ஒரு அருங்காட்சியகம் கட்ட விரும்பி, சோல்ஜர் ஃபீல்டை ஒட்டிய வாகன நிறுத்துமிடத்தைக் கேட்டார். நகர நிர்வாகம் 2014இல் மகிழ்ச்சியோடு சம்மதித்தது. பூங்காக்களுக்காகப் போராடும் ஒரு குடிமக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. ஏரியைத் தூர்த்த நிலம் மக்களுக்காக அரசு காத்துவரும் சொத்து, அதைத் தனியாருக்குத் தர முடியாது என்பது வாதம். 2016இல் லூக்காஸ் பின்வாங்கி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போனார். கால்பந்து ரசிகர்கள் கார்களை நிறுத்திவிட்டு இறைச்சி சுடும் இடத்தை ஒரு அருங்காட்சியகத்துக்குத் தர மறுத்த நகரம் என்று அப்போது கேலி செய்தவர்கள் பலர். கேலி எளிது. கார் நிறுத்துமிடத்தை நாளை மீண்டும் புல்வெளியாக்க முடியும். கட்டடத்தை அப்படிச் செய்ய முடியாது.

*

மைதானத்தின் பக்கம் எல்லாம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. சோல்ஜர் ஃபீல்டின் வரலாறே அதற்குச் சான்று.

1924இல் நகராட்சி மைதானமாகத் திறக்கப்பட்டு, மறு ஆண்டு போர்வீரர்களின் நினைவாகப் பெயரிடப்பட்ட இந்த இடம் முதலில் எந்த அணிக்கும் சொந்தமாக இருக்கவில்லை. 1927இல் டெம்ப்சி – டன்னி குத்துச்சண்டையைக் காண இங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கூடினார்கள். 1966 ஜூலை 10 அன்று, கடும் வெயிலில், பல்லாயிரம் பேர் முன்னிலையில் மார்ட்டின் லூதர் கிங் இங்கே பேசினார். அங்கிருந்து நகரமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்று, குடியிருப்பு உரிமைக் கோரிக்கைகளை அதன் கதவில் ஒட்டினார். 1968 ஜூலை 20 அன்று அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ளவர்களுக்கான முதல் சிறப்பு ஒலிம்பிக் இங்கேதான் நடந்தது. அதன் விதை நகரப் பூங்காத் துறையில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த ஆன் பர்க் என்ற இளம்பெண்ணின் யோசனை. பிற்காலத்தில் அவர் அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார். பேர்ஸ் அணி இங்கே வந்தது 1971இல்தான். அதற்கு முன் அரை நூற்றாண்டு ரிக்லி மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அரசியலும் மதமும் விளையாட்டும் கருணையும் வந்துபோன ஒரு பொது மன்றம், 2002 – 2003இல் பெரும்பகுதி பொதுக் கடனில் ஒரே ஒரு தனியார் அணியின் வசதிக்காக உள்ளுக்குள் இடித்துக் கட்டப்பட்டது. செலவு அறுபது கோடி டாலருக்கும் மேல். பழைய தூண்களை மட்டும் விட்டுவைத்தார்கள். 1987இல் அளிக்கப்பட்ட தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி 2006இல் பறிக்கப்பட்டது. அந்தக் கடனின் தவணைகள் 2032 வரை நீள்கின்றன. அதற்குள் அதே அணி 2023இல் புறநகரில் ஒரு பழைய குதிரைப் பந்தயத் திடலை விலைக்கு வாங்கியது, 2024இல் ஏரிக்கரையிலேயே கூரையிட்ட புதிய மைதானம் வேண்டும் என்றது, 2025இல் மீண்டும் நகருக்கு வெளியே பார்வையைத் திருப்பியது.

இதற்கும் பயணிக்கும் என்ன தொடர்பு? நேரடியான தொடர்பு. இந்தக் கடனை அடைக்கும் மாநில விளையாட்டு வசதிகள் ஆணையத்தின் முக்கிய வருவாய், சிகாகோ விடுதி அறைகள் மீது விதிக்கப்படும் இரண்டு சதவீத வரி. மைதானத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், ஹாப்பரின் முன் நின்று தனிமையைத் தியானித்துவிட்டு விடுதிக்குத் திரும்பும் நம் இலக்கியப் பயணி, காலையில் அறையைக் காலி செய்யும்போது மைதானத்துக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வெளியே போகிறார். விளையாட்டில் தனக்கு ஈடுபாடு இல்லை என்று அவர் சொல்லலாம். அவருடைய ரசீதில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது.

அந்த ஆணையத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1910 முதல் இருந்த காமிஸ்கி பார்க் மைதானம் பழையதாகிவிட்டது, புதியது கட்டித் தராவிட்டால் ஃப்ளோரிடாவுக்குப் போய்விடுவோம் என்று வொயிட் சாக்ஸ் உரிமையாளர்கள் மிரட்டினார்கள். 1988 ஜூன் 30 நள்ளிரவோடு சட்டமன்றத்தின் கெடு முடிகிறது. மணி பன்னிரண்டைத் தாண்டியது. அவையின் கடிகாரத்தை நிறுத்திவைத்துவிட்டு வாக்குகளைத் திரட்டி மசோதாவை நிறைவேற்றினார்கள். ஒரு பேஸ்பால் அணிக்காகக் காலத்தையே நிறுத்திய சட்டமன்றம் என்பது எந்த மாய யதார்த்தப் புனைவுக்கும் குறைந்ததல்ல. புதிய மைதானத்துக்காக எதிர்ப்புறத்தில் இருந்த கறுப்பின மக்களின் வீடுகள் அகற்றப்பட்டன. பழைய மைதானம் 1991இல் இடிக்கப்பட்டு வாகன நிறுத்துமிடமானது. பந்தடிப்பவர் நின்ற இடத்தைக் குறிக்கும் ஒரு சலவைக்கல் மட்டும் தார்த்தரையில் பதிந்திருக்கிறது.

*

அந்தச் சலவைக்கல்லை நான் எந்த ஓவியக்கூடத்துக்கும் குறையாத பண்பாட்டுச் சின்னம் என்பேன். ஏன் என்று விளக்க மீண்டும் விவேகானந்தரிடம் போக வேண்டும்.

1893 செப்டம்பரில் அவர் பேசிய சர்வ மத மாநாடு, கொலம்பஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி நடத்தப்பட்ட மாநாடுகளுள் ஒன்று. சேதுபதி மன்னரும் சென்னை இளைஞர்களும் அவர் பயணத்துக்குத் துணை நின்றவர்கள் என்பதால் அந்த மேடையில் நமக்கும் ஒரு பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மேடை மட்டுமே கண்காட்சி அல்ல. ஏரிக்கரையில் வெண்ணிற மாளிகைகளாக எழுந்த அந்தக் கண்காட்சியின் திட்டமிடலில் கறுப்பின மக்களுக்கு இடம் தரப்படவில்லை. அதைக் கண்டித்து ஐடா பி. வெல்ஸ் ஒரு துண்டு நூலைத் தயாரித்தார். ஃபிரெடரிக் டக்ளஸ் அதில் எழுதினார். அடிமையாகப் பிறந்து உலகப் புகழ்பெற்ற அந்த முதியவருக்கு அங்கே நிற்க இடம் கொடுத்தது ஹைட்டி நாட்டின் அரங்கம். அங்கிருந்துதான் அந்த நூல் பார்வையாளர்களுக்கு வழங்கப்பட்டது. சகோதரத்துவத்துக்குக் கைதட்டிய அதே கண்காட்சியின் இன்னொரு பக்கம் இது. ஓவியக்கூடத்தின் முன்பு படமெடுத்துக்கொள்ளும் நம்மவர் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

நாற்பது ஆண்டுகள் கழித்து 1933இல் சிகாகோவில் இன்னொரு உலகக் கண்காட்சி. அதையொட்டி ஜூலையில் காமிஸ்கி பார்க்கில் பேஸ்பால் சங்கங்களின் முதல் நட்சத்திர ஆட்டம் நடந்தது. ஆடியவர்கள் அனைவரும் வெள்ளையர். கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு அந்தச் சங்கங்களில் அனுமதி கிடையாது. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், அதே மைதானத்தை வாடகைக்கு எடுத்து கறுப்பினச் சங்கங்கள் தங்கள் கிழக்கு – மேற்கு நட்சத்திர ஆட்டத்தை நடத்தின. யார் யார் ஆட வேண்டும் என்பதைச் 'சிகாகோ டிஃபெண்டர்' போன்ற கறுப்பினப் பத்திரிகைகளின் வழியாக வாசகர்கள் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். தென் மாநிலங்களில் வாக்குச்சாவடிக்குள் நுழைய முடியாத மக்கள் வாக்களித்த ஒரு தேர்தல் அது. ஆண்டுதோறும் அந்த நாளுக்காகப் பல ஊர்களிலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். சில ஆண்டுகளில் கூட்டம் ஐம்பதாயிரத்தைத் தாண்டியது. 1945 ஆட்டத்தில் ஜாக்கி ராபின்சன் ஆடினார். 1947 ஏப்ரலில் அவர் நிறத்தடையை உடைத்தார். அதே ஆண்டு ஜூலையில் லாரி டோபி அமெரிக்கன் லீக்கின் முதல் கறுப்பின ஆட்டக்காரராகக் களமிறங்கியது இதே காமிஸ்கி பார்க்கில்.

ஒரு மக்கள் கூட்டம் தன் நாயகர்களைத் தானே தேர்ந்தெடுத்து, தன்னை ஒரு சமூகமாகக் கண்டுகொண்ட ஆண்டு விழாவுக்குப் பண்பாடு என்று பெயரில்லை என்றால் அந்தச் சொல்லுக்கு வேறு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன.

ஏரியின் கதையும் இதோடு சேர்ந்ததே. என்றென்றும் திறந்திருக்கும் என்று எழுதிவைக்கப்பட்ட ஏரிக்கரை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1919 ஜூலை 27 அன்று 29ஆம் தெருக் கடற்கரையில் நண்பர்களோடு நீந்திக்கொண்டிருந்த யூஜின் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயதுக் கறுப்பினச் சிறுவன், எழுதப்படாத நிற எல்லையைத் தாண்டி மிதந்து வந்தான். கரையிலிருந்து ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார். சிறுவன் மூழ்கி இறந்தான். தொடர்ந்த கலவரத்தில் 38 பேர் மாண்டார்கள். அவர்களில் 23 பேர் கறுப்பினத்தவர். கோடையில் ஏரிக்கரைப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதையும் நீந்துவதையும் எல்லாக் கையேடுகளும் சிபாரிசு செய்கின்றன. நானும் செய்கிறேன். அந்தப் பாதையருகே ஒரு கல்லில் பதித்த சிறு நினைவுப் பலகை இருக்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு அதைப் படித்துவிட்டுப் போவதற்கு இரண்டு நிமிடம் ஆகும்.

*

இத்தனைக்கும் கலையையும் விளையாட்டையும் பிரிக்காமல் வைத்துப் பார்த்த ஒரு மரபு அந்நகரத்திலேயே இருந்தது, இன்னும் இருக்கிறது என்பதுதான் இந்த விவகாரத்தின் வேடிக்கை. அதை நான் எந்தப் பட்டியலிலும் கண்டதில்லை.

1889இல் ஜேன் ஆடம்ஸும் எலென் கேட்ஸ் ஸ்டாரும் குடியேறிகளின் சேரிப்பகுதியில் ஹல் ஹவுஸ் என்ற இல்லத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் அங்கே ஓவியக்கூடமும் உடற்பயிற்சிக் கூடமும் நாடக அரங்கும் குழந்தைகளுக்கான விளையாட்டுத் திடலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பதினாறு மணி நேரம் உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஓவியம் எவ்வளவு தேவையோ பந்தும் அவ்வளவு தேவை என்று ஆடம்ஸ் நம்பினார். அங்கே நெவா பாய்ட் என்பவர் குழந்தைகளின் விளையாட்டுகளை ஒரு கல்விமுறையாகவே வளர்த்தெடுத்தார். அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின் அந்த விளையாட்டுகளை நடிப்புப் பயிற்சியாக மாற்றினார். ஸ்போலினின் மகன் பால் சில்ஸ் 1959இல் நண்பர்களோடு தொடங்கியதுதான் 'செகண்ட் சிட்டி' என்ற நகைச்சுவை அரங்கம். முன்தயாரிப்பற்ற நாடகத்தின் தலைமைப்பீடம் என்று இன்று எல்லாக் கையேடுகளிலும் 'கலாசாரம்' என்ற தலைப்பின் கீழ் இடம்பெறும் அதே அரங்கம். அதன் ஊற்று, குடியேறிகளின் பிள்ளைகள் ஆடிய விளையாட்டு.

இன்னொன்று, பூங்கா இல்லங்கள். நகரத்தின் தென்பகுதிப் பூங்கா ஆணையம் 1905இல் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு நடுவே சிறு பூங்காக்களைத் திறந்தது. நிலத்தை வடிவமைத்தவர்கள் ஓம்ஸ்டெட் சகோதரர்கள். கட்டடங்களை டேனியல் பர்னமின் நிறுவனம். 1893இன் வெண்ணிற மாளிகைகளைக் கட்டுவித்த அதே பர்னம். ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு இல்லம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி உடற்பயிற்சிக் கூடம், குளிக்கும் வசதி, வாசகசாலை, மேடையோடு கூடிய மன்றம், எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஷெர்மன் பூங்காவின் மன்றச் சுவர்களில் ஓவியக்கூடத்தின் மாணவர்கள் ஓவியங்கள் தீட்டினார்கள். அப்டன் சிங்க்ளேர் எழுதிய இறைச்சித் தொழிற்சாலைகளின் பின்புறத்தில் இருக்கிறது டேவிஸ் ஸ்கொயர் பூங்கா. அதன் நிர்வாகியாக இருந்த ஜோசப் மீகனும் சால் அலின்ஸ்கியும் சேர்ந்து 1939இல் அங்கே ஒரு வட்டார மன்றத்தைக் கூட்டினார்கள். ஒருவரோடு ஒருவர் பேசாத பல இனத்துத் தொழிலாளர்கள் சேர்ந்த அந்த மன்றம், அமெரிக்காவின் சமூக அமைப்பாக்க இயக்கத்தின் தொடக்கப்புள்ளிகளில் ஒன்று. குளிக்கவும் பந்தாடவும் படிக்கவும் வந்தவர்கள் அரசியலும் பேசத் தொடங்கியதில் வியப்பென்ன?

பில்சன் பகுதியில் ஹாரிசன் பூங்காவின் விளையாட்டிடங்களுக்கு நடுவே, முன்பு பூங்காத் துறையின் படகு செய்யும் பட்டறையாக இருந்த கட்டடத்தில், 1987 முதல் தேசிய மெக்சிகக் கலை அருங்காட்சியகம் இயங்குகிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே இறந்தோர் நாளுக்கான பலிபீடங்கள். வெளியே பந்து விளையாடும் பிள்ளைகள். இரண்டையும் ஒரே மதியத்தில் பார்த்துவிட்டு வருபவருக்கு நான் மேலே எழுதிய எதையும் விளக்க வேண்டியதில்லை.

சிகாகோவுக்கே உரிய ஒரு விளையாட்டும் இருக்கிறது. 1887இல் ஒரு படகுச் சங்கத்தின் கூடத்தில், குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, ஜார்ஜ் ஹான்காக் என்பவர் தொடங்கிவைத்தது. அதன் உள்ளூர் வடிவம் பதினாறு அங்குலச் சுற்றளவுள்ள பெரிய பந்தை வெறுங்கையால் பிடிப்பது. கையுறை வாங்கப் பணமில்லாத பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் அது நகரமெங்கும் வேரூன்றியது. நெளிந்த விரல்களை ஒரு தலைமுறை பெருமையாகக் காட்டியது. கோடை மாலையில் பூங்காவில் புல்லில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்க்கச் சீட்டு வேண்டாம்.

*

எனக்கு வரக்கூடிய மறுப்புகளை நான் அறிவேன். தொழில்முறை விளையாட்டு பெருவணிகம், மக்களின் கவனத்தை மழுங்கடிப்பது, அதைப் போய்ப் பண்பாடு என்று சொல்வதா என்பது முதல் மறுப்பு. பெருவணிகம்தான். அதைத்தானே விடுதி வரி வரை விரித்துச் சொன்னேன். ஆனால் வணிகம் என்பதால் கண்ணை மூடிக்கொள்வது என்ன விமர்சன முறை? மார்ஷல் ஃபீல்டின் செல்வமும் வணிகச் செல்வம்தான். அருங்காட்சியகத்தை விமர்சனத்தோடு பார்க்கத் தெரியாதவர் மைதானத்தை மட்டும் விமர்சனம் என்ற பெயரில் தவிர்ப்பது சோம்பல்.

விளையாட்டும் ஒரு கலைதானே, அதனால் அதையும் பார்க்கலாமே என்ற சமரசம் இரண்டாவது. இதுவும் எனக்கு உவப்பில்லை. ஒரு ஆட்டத்துக்கு மதிப்பு வர அது ஓவியத்தைப் போல இருக்க வேண்டிய தேவையில்லை. ஆட்டத்தின் முடிவு யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. நாற்பதாயிரம் பேர் அந்தத் தெரியாமையில் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஓவியம் தருவது வேறு, இது வேறு. இரண்டும் ஒரு நகரத்தில் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன என்பதுதான் பயணியின் கேள்வியாக இருக்க வேண்டும்.

மூன்று நாட்களுக்கு வருகிறவருக்கு இவ்வளவும் எப்படி முடியும் என்பது மூன்றாவது. பத்து இடங்களைப் பார்க்க அவருக்கு நேரமிருக்கிறது. நான்கு இடங்களைப் புரிந்துகொள்ள மட்டும் நேரமில்லையா? ஒரு காலையில் ஃபீல்ட் அருங்காட்சியகம், அதன் தெற்கு வாசல் வழியே வெளியேறி சோல்ஜர் ஃபீல்டின் தூண்களைச் சுற்றி ஒரு நடை. ஒரு மதியம் பில்சன். 35ஆம் தெருவில் ரயிலிறங்கி, ஆட்டம் இருந்தால் மலிவான இருக்கையில் மூன்று மணி நேரம், இல்லாவிட்டால் வாகன நிறுத்துமிடத்தில் அந்தச் சலவைக்கல். மீதி நேரத்தில் ஹாப்பரைத் தாராளமாகப் பாருங்கள். பெரிய ஓவியர்தான்.

பிறகு எழுதுங்கள். எழுதும்போது அந்த மைதானம் யாருடைய வீடுகளின் மேல் எழுந்தது, அந்த அருங்காட்சியகம் எந்தத் தண்ணீரின் மேல் நிற்கிறது, உங்கள் விடுதி ரசீதின் இரண்டு சதவீதம் எங்கே போகிறது என்பதில் ஏதாவது ஒன்றை எழுதுங்கள். கோபுரத்தின் உயரமும் டைனோசரின் நீளமும் கையேட்டிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு இலக்கிய இதழின் பக்கங்கள் தேவையில்லை.